சிறகுவலையும் கல்வேலியும்: சில குறிப்புகள்

வன்னியின் மீன்வேலி தடியால் ஆனது. பூநகரியிலிருந்து சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறினால் இரு பக்கமும் தெரியும். பரவைக்கடலின் ஆழமில்லாத தண்ணீரில் வரிசையாக ஊன்றிய தடிகள், தடிகளில் இழுத்துக் கட்டிய வலை, வரிசை முடிகிற இடத்தில் உள்நோக்கி வளைந்த ஓர் அடைப்பு. சிறகுவலை என்பார்கள்; களங்கட்டி என்றொரு வகையும் உண்டு. 2011 ஜனவரியில் பாலம் திறந்ததிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்களில் இருக்கும் சனம் இதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறது. படம் எடுக்கிறவர்கள் நிறையப் பேர். இறங்கி நின்று, இது யாருடையது, இன்றைக்கு யாருடைய முறை என்று கேட்கிறவர்கள் குறைவு.

*

வேலை செய்கிற விதம்.

கரையோரத்திலிருந்து ஆழத்தை நோக்கி ஒரு நீண்ட வலைச்சுவர். கரையை ஒட்டி மேய்ந்து வருகிற மீன் அதில் முட்டும். முட்டிய மீன் கரைப்பக்கம் திரும்பாது, ஆழத்தைத்தான் தேடும். சுவரைப் பிடித்துக்கொண்டே போகும். போகிற வழியில் களம். களத்தின் வாய் குறுகல், வாயின் இரு ஓரமும் உள்ளே மடிந்திருக்கும். புகுந்த மீன் வளைவைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர வந்த வாசலைக் காணாது. விடியப்போய் அள்ளுவதுதான் மிச்ச வேலை. இரை வேண்டாம், துரத்த வேண்டாம். மணலை, திரளி, ஓரா, நண்டு, இறால், எது வந்ததோ அது.

மனிதன் செய்கிற புத்தி முழுவதும் தடியை எங்கே ஊன்றுவது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே சண்டையும் அங்கேதான் தொடங்கும்.

*

இதே யோசனையைக் கல்லில் கட்டியவர்கள் இருக்கிறார்கள். தாய்வானுக்கும் சீனாவுக்கும் நடுவிலுள்ள பெங்ஹு தீவுக்கூட்டத்தில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கல்வேலிகள். அதில் ஜிபெய் என்ற தீவு மூன்று சதுர கிலோமீற்றர் அளவுதான்; அதைச் சுற்றி மட்டும் எண்பதுக்கு மேல். அந்தத் தீவிலேயே கல்வேலிக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகமும் உண்டு. பெரிய அரண்மனைச் சாமான் எதுவும் அதில் எதிர்பார்க்கக் கூடாது. வேலிகளின் மாதிரி வடிவங்கள், அள்ளுவலை, கூடை, கல் தூக்கின கதை. ஓர் ஊர் தான் சாப்பிட்ட விதத்தை ஒரு கட்டடத்தில் எழுதி வைத்திருக்கிறது.

கட்டுகிற முறை இது. கறுத்த எரிமலைக்கல்லும் பவளக்கல்லும். சாந்து கிடையாது, கல்லோடு கல் பூட்டி அடுக்குவது மட்டும். கடல் வற்றி நிற்கிற சில மணி நேரத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. பிறகு தண்ணீர் ஏறிவிடும். வேலி நூற்றுக்கணக்கான மீற்றர் நீளும். சுவரின் உயரம் பெருக்குத் தண்ணீருக்குக் கீழே நிற்க வேண்டும். பெருக்கில் மீன் சுவருக்கு மேலால் உள்ளே வரும், வத்தில் சுவர் வெளியே தெரியும், மீன் கடைசிக் குழியில் ஒதுங்கும். பழைய வேலிகள் வெறும் வில் வடிவம். பின்னால் வந்தவர்கள் வில்லின் நடுவில் ஓர் அறையைச் சேர்த்தார்கள். சேர்த்ததும் அது மேலிருந்து பார்க்க இதய வடிவமாகிவிட்டது. சிமெய் தீவிலுள்ள இரட்டை இதய வேலி இன்று கல்யாணப் படம் பிடிக்கிற இடம். அறைக்குள் புகுந்த மீன் திரும்பாமலிருக்கத்தான் அந்த வளைவு என்பதைப் படம் பிடிக்கிற சோடிகளுக்கு யாராவது சொன்னால் நல்லது.

*

பெங்ஹுவில் கல், பூநகரியில் தடி. ஏன்?

முதல் காரணம் கடல். பெங்ஹுவில் வத்துக்கும் பெருக்குக்கும் இடையில் இரண்டு மூன்று மீற்றர் வித்தியாசம். ஜப்பானின் அரியாகே குடாவில் இன்னும் கூட. அங்கேயும் கல்வேலிகள் இருந்தன. இலங்கைக் கரையில் அந்த வித்தியாசம் ஒரு மீற்றரைக் கூடத் தொடாது. பரவைக்கடலுக்குள் அதிலும் குறைவு. இங்கே கல்சுவர் கட்டினால் அது ஒருநாளும் முழுக்க வெளியே தெரியாது, மீனும் சுவருக்கு மேலால் வந்த மாதிரியே போய்விடும். தண்ணீர் இறங்கிப் பிடித்துத் தராத இடத்தில், தண்ணீருக்கு மேல் தலை நீட்டி நிற்கிற வலைதான் பிடித்துத் தர வேண்டும்.

இரண்டாவது காரணம் காலடியில். பெங்ஹு எரிமலைப்பாறைத் தீவு. கல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. முல்லைத்தீவுக் கரை மணல், நந்திக்கடல் சேறு. காடு மட்டும் முதுகுக்குப் பின்னாலேயே நின்றது.

வன்னிக்குக் கல் வேலை தெரியாதென்று யாரும் எழுதிவிடக் கூடாது. குளக்கட்டில் அலை அடிக்கிற பக்கத்தில் கல் பதித்தார்கள், துருசுக்குக் கல் வைத்தார்கள். மாரியில் குளம் வான் பாயும்போது அந்தக் கல்லுக்குக் கீழேதான் ஊர் முழுக்கக் கரப்போடும் வீச்சுவலையோடும் நிற்கும். வேளாண்மைக்கு என்று வைத்த கல்லில் மீனும் மாட்டிக்கொள்ளும்.

*

இடையில் ஒரு சந்தோஷம்: இரண்டு இடத்துக்கும் காற்று ஒன்று.

பெங்ஹுவில் கல்வேலிக்கு நல்ல காலம் மாரிகாலம். வடகிழக்குக் காற்று அங்கே அப்படி அடிக்கும், படகு இறக்க முடியாது. ஆழ்கடல் பூட்டிக் கிடக்கிற மாதங்களில் கரையிலேயே சோறு போடுகிறது வேலி. முல்லைத்தீவுக்கு வாடை என்ன செய்கிறதோ அதையேதான் அங்கேயும் செய்கிறது. கார்த்திகையிலிருந்து பெருங்கடல் கொந்தளிக்கும், கரைவலை இழுக்க முடியாது, வள்ளம் கரையேறும். அப்போது நந்திக்கடலும் நாயாறும் கொக்கிளாயும்தான் அடுப்பு எரிய வைக்கும். மழைவெள்ளம் இறங்கி, முகத்துவாரம் உடைந்து, உப்பும் நன்னீரும் கலந்தபின் இறால் வரும்.

ஓரா மீனின் இனமும் அங்கே உண்டு. அவர்கள் பாஷையில் அதற்கு நாற்றவயிறன் என்கிற மாதிரி ஒரு பேர். சமைக்க முன் குடலை எடுக்கத் தெரியாதவன் வைத்த பேராக இருக்க வேண்டும்.

*

ஜிபெய்க் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது கல் அல்ல, பங்கு.

ஒரு வேலி ஒருவனால் ஆகிற வேலை இல்லை. பல குடும்பங்கள் சேர்ந்து கட்டின. கல் தூக்கியவர்களுக்குப் பங்கு. பங்குக்கு முறை நாள். எந்த நாள் யாருக்கு என்று சீட்டுப் போட்டுத் தீர்த்தார்கள். உன் முறையில் கடல் எதையும் தராவிட்டால் அது உன் பாடு. அடுத்தவன் முறையில் நிறைந்து வழிந்தால் அது அவன் அதிர்ஷ்டம். பங்கைப் பிள்ளைக்கு எழுதலாம், விற்கலாம். கோயிலுக்கென்று விட்ட வேலிகளும் இருந்தன. அலை அடித்துச் சுவர் உடைந்தால் பங்குகாரர் எல்லோரும் இறங்கிக் கல் அடுக்க வேண்டும். வராதவனுக்குப் பங்கு எப்படி?

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிங் அரசு எழுதிய பதிவுகளிலேயே இந்த வேலிகள் வந்துவிடுகின்றன. அரசுக்கு அதில் அக்கறை வந்தது வரிக்காகத்தான். ஜப்பானியர் ஆண்ட காலத்தில் (1895–1945) வேலிக்கு உரிமம் எடுக்க வேண்டியிருந்தது; யார் யார் பங்குகாரர் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆள்கிறவன் வரி வாங்க எழுதி வைத்த தாள், இன்றைக்கு அந்த ஊர்க்காரரின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டனின் பேரைத் தேடுகிற இடமாகிவிட்டது.

மோட்டார்ப் படகும் நைலோன் வலையும் வந்தபின் வேலிகள் கைவிடப்பட்டன. பிள்ளைகள் தாய்வான் நகரங்களுக்குப் போனார்கள். இப்போது சில இளம் ஆட்கள் திரும்பி வந்து, கல் அடுக்கத் தெரிந்த கிழவர்களைப் பிடித்து, உடைந்த சுவர்களை மறுபடி கட்டப் பழகுகிறார்கள்.

*

தமிழ்க் கரையில் இதற்குச் சரியான சோடி பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே உள்ள அந்த ஏரியில் இறாலுக்குச் சுத்துவலை கட்டுகிற இடங்களைப் பாடு என்பார்கள். பட்டினவர் ஊர்கள் சில அந்த இடங்களைத் தங்களுக்குள் முறை வைத்துப் பங்கிடுகின்றன. பேர் தலைக்கட்டில் இருக்க வேண்டும், சீட்டுக் குலுக்கி நாளும் இடமும் விழும். எந்த அரசாங்கமும் எழுதிக் கொடுக்காத ஏற்பாடு. மீன்பிடி ஆய்வாளர்கள் உலகம் முழுக்க இதை உதாரணம் காட்டி எழுதியிருக்கிறார்கள்.

நீர்கொழும்பிலும் உண்டு. களப்பின் வாயை ஒட்டிக் கட்டுவலை போடுகிறவர்கள் நான்கு சங்கங்களாக இருக்கிறார்கள். இருட்டில், தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம், வளர்ந்த இறால் வெளியே போகும். வலை அதை வழிமறிக்கும். எந்த இரவு எந்தச் சங்கத்துக்கு, சங்கத்துக்குள் எந்த இடம் யாருக்கு என்பதெல்லாம் சீட்டு. அதை அரசு வர்த்தமானியில் போட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறது. மீனவர் வாயால் வந்த முறை சட்டப் புத்தகத்துக்குள் ஏறியது இந்த நாட்டில் அரிது.

*

ஆனால் முறை என்றால் முறைக்கு வெளியே நிற்கிறவனும் உண்டு. பழவேற்காட்டுப் பட்டியலில் பட்டினவர் அல்லாதவருக்கு இடமில்லை. அதே ஏரியில் இருளர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். சீட்டு அவர்களுக்கு விழாது. நீர்கொழும்பில் உரிமை தகப்பனிலிருந்து மகனுக்கு. மகள் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

மரபு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும்போது இந்தப் பக்கத்தைத் துடைத்துவிட்டு வைக்கிற பழக்கம் எல்லா நூதனசாலைக்கும் உண்டு. பட்டியலில் யார் பேர் இருந்தது என்பதோடு யார் பேர் இருக்கவே முடியாது என்பதையும் அதே சுவரில் எழுத வேண்டும்.

*

பூநகரிக் கரையில் ஒரு முதியவரோடு பேசினது. வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தச் சிறகுவலைக்கெண்டு ஒரு நூதனசாலை வைச்சா என்ன வைக்கலாம்?"

"தடி வைக்கப் போறியளோ? தடி இரண்டு வருசத்தில உக்கிப்போகும் தம்பி."

"வலை?"

"அது கடையில வாங்குற நைலோன். அதை ஏன் காசு குடுத்துப் பாக்க வேணும்?"

கொஞ்ச நேரம் பொத்தினார். பிறகு தானாகவே, "இடம் தெரிய வேணும். எந்தக் காத்துக்கு எந்த இடம், எந்த இருட்டுக்கு எந்தப் பக்கம் வாய். அதுதான் தொழில். அதை எங்க வைப்பியள்?" என்றார்.

கேள்வி கேட்டுவிட்டுத் தேநீருக்குச் சொல்லி அனுப்பினார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

*

அவர் சொன்னதன் மேல் யோசித்தது. கல்வேலி தானே தனக்கு நூதனசாலை. கைவிட்டு ஐம்பது வருடம் ஆனாலும் வத்து நேரத்தில் போய்ப் பார்க்கலாம், அளக்கலாம், மேலிருந்து படம் எடுக்கலாம். மைக்ரோனீசியாவின் யாப் தீவில் அம்பு வடிவக் கல்வேலிகளை இன்னும் விமானத்திலிருந்து பார்க்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் புட்ஜ் பிம் நிலத்தில் குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக்கல்லில் வெட்டியும் அடுக்கியும் வைத்த விலாங்கு வாய்க்கால்களுக்கு வயது ஆறாயிரத்துக்கு மேல். 2019இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக்கியது.

தடிவேலிக்கு அந்த வசதி கிடையாது. வருடாவருடம் ஊன்றினால்தான் அது இருக்கும். ஊன்றாத வருடம் ஒரு தடயமும் மிஞ்சாது. அதனால் கல்லைக் காப்பதும் தடியைக் காப்பதும் ஒரே வேலை இல்லை. தடிவேலியைக் காப்பாற்ற ஒரே வழி, அதை ஊன்றத் தெரிந்த ஆள் இருப்பது. அந்த ஆள் இருக்க வேண்டுமானால் அவனுக்கு முறை நாள் இருக்க வேண்டும், முறை நாளில் மீனும் இருக்க வேண்டும்.

தென்கொரியாவின் நம்ஹேயில் இதற்குக் கிட்ட வருகிற ஒன்று உண்டு. ஓட்டம் பலமான நீரிணையில் மரத்தூண்களை V வடிவில் ஊன்றி, மூங்கிலால் அடைத்து, நெத்தலி பிடிக்கிறார்கள். அரசு அதைத் தேசிய மீன்பிடி மரபாக அறிவித்திருக்கிறது. வலையில் அடிபடாமல் உயிரோடு அள்ளப்படுவதால் அந்த நெத்தலிக்குச் சந்தையில் தனி விலை. சுற்றுலாக்காரர் பார்க்க மேடை இருக்கிறது என்பதைவிட, நெத்தலி நல்ல விலைக்குப் போகிறது என்பதுதான் அந்த வேலியை நிற்க வைக்கிறது.

*

புரூவறினா. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பார்வன் ஆற்றங்கரை ஊர். ஆற்றுக்குள் அரைக் கிலோமீற்றர் நீளத்துக்குக் கல் அடைப்புகள், நுன்ஹு என்று பேர். பையாமி என்ற முன்னோன் ஆற்றின் மேல் தன் வலையை விரித்துக் காட்ட, அவன் மக்கள் அந்த வடிவில் கல் அடுக்கினார்கள் என்பது ங்ஙெம்பா மக்களின் கதை. ஒவ்வோர் அடைப்பும் ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பு. அயல் இனத்தவரும் மீன் ஏறுகிற காலத்தில் வந்து கூடுவார்கள். எல்லாவற்றையும் பிடித்துத் தீர்க்காமல் ஒரு பங்கு மீனை மேலே போக விடுவது விதி.

வெள்ளையர் வந்தபின் அந்தக் கல்லைக் கட்டட வேலைக்கு எடுத்தார்கள். நீராவிப் படகு போக வழி விட்டார்கள். 2005இல் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆற்றை ஒட்டியே ஒரு பழங்குடி அருங்காட்சியகம் இருக்கிறது.

இது எனக்குப் பிடித்த அமைப்பு: காட்சிக்கூடம் வேலிக்குப் பக்கத்தில். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அந்தச் சாமான் தண்ணீரில் கிடக்க வேண்டும். வவுனியாவில் தொல்லியல் திணைக்களத்தின் நூதனசாலை உண்டு, காலியில் கடல்சார் நூதனசாலை உண்டு. இரண்டிலும் ஒரு சிறகுவலையின் பாதி வலையை மாட்டி வைத்தால் அது செத்த வலைதான். அந்த அறை கடற்கரையில், சங்கக் கட்டடத்தின் ஓர் ஓரத்தில் இருக்க வேண்டும்.

*

முறை அறுந்த இடங்கள்.

1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வரக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. தகப்பன் எந்த இடத்தில் தடி ஊன்றினான் என்று மகனுக்குக் காட்ட வேண்டிய வருடங்கள் முகாமிலும் வாடகை வீட்டிலும் கழிந்தன. திரும்பியபோது கரையில் வேறு ஆட்கள் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். யாருக்கு உரிமை என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை முல்லைத்தீவு நகரையே அள்ளியது. வள்ளம், வலை, வலைக்காரன் எல்லாம் போன கரை அது.

2009 மே. நந்திக்கடல் என்ற பேரை உலகம் முழுக்கக் கேட்டது. அதற்கு முன் அந்தப் பேர் இறாலுக்கும் வற்றாப்பளை அம்மனுக்கும் உரியது. வைகாசிப் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிகிற கண்ணகி கோயில் அந்த நீரேரியின் கரையில்தான் இருக்கிறது. இப்போது நந்திக்கடல் என்றால் வேறு ஒன்றும் யாருக்கும் நினைவு வருவதில்லை. மீன்பிடிக்கென்று ஒரு நூதனசாலை அங்கே வைக்கப் போகிறவர், சனம் அந்தத் தண்ணீரை ஏன் கடந்தது என்பதைச் சொல்லாமல் இறாலை மட்டும் சொல்ல முடியாது. இறாலைச் சொல்லாமல் போரை மட்டும் சொன்னாலும் அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பாதி நியாயம்தான் கிடைக்கும்.

2017இல் நந்திக்கடலை இயற்கை ஒதுக்கிடமாக்கி வர்த்தமானி வந்தது. அதற்கும் முன்பே கொக்கிளாய் 1951இல் பறவைகள் சரணாலயம். சுண்டிக்குளம் 1938இல் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. கொக்குக்கும் பூநாரைக்கும் எல்லைக் கல் நட்டாயிற்று. அந்த எல்லைக்குள் தலைமுறையாகத் தொழில் செய்தவனின் முறை நாள் எந்த வரைபடத்தில் இருக்கிறது?

*

முகத்துவாரம் வெட்டுவது. நந்திக்கடலுக்கு வட்டுவாகலில் வாய். கோடையில் மணல் மூடிவிடும். மாரியில் பேராற்றுத் தண்ணீர் வந்து நிறைந்தால் கரையோர வயல் முழுகும். வயல்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வார். மீன்காரரின் கணக்கு வேறு. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு வாய் வழியே உள்ளே வரும், சேற்றில் வளரும், பெருத்தபின் வெளியே போகும். வாய் திறக்கிற நாள் பிந்தினாலும் முந்தினாலும் அந்த வருடத்து இறால் தப்பிவிடும். ஒரே மண்மேட்டில் நெல்லும் இறாலும் எதிரெதிராக நிற்கின்றன. இந்தப் பேச்சு நடக்கிற கூட்டங்களின் குறிப்பேடுதான் எந்த நூதனசாலையிலும் முதல் பொருளாக இருக்க வேண்டும் என்று படுகிறது.

*

இப்போது பரவைக்கடலில் இன்னொரு வகைத் தடியும் தெரிகிறது. அட்டைப் பண்ணை. கடலட்டை வளர்க்க வலையால் சதுரமாக அடைத்தது. தூரத்திலிருந்து பார்க்கிற பஸ்காரருக்குச் சிறகுவலையும் பண்ணையும் ஒன்றுதான்.

வித்தியாசம் பெரியது. சிறகுவலை வருகிற மீனுக்காகக் காத்திருக்கிறது. பருவம் முடியத் தடியைப் பிடுங்கினால் தண்ணீர் பழையபடி எல்லோருக்கும். பண்ணை ஒரு துண்டுக் கடலை ஒருவருக்கு வருடக்கணக்கில் கொடுத்துவிடுகிறது. அட்டை ஏற்றுமதிக்கு, மீன் ஊர்ச் சந்தைக்கு. 2022இல் பூநகரிப் பக்கம் கிராஞ்சியில் சிறுதொழிலாளர் பண்ணைகளுக்கு எதிராக நாள்கணக்காகப் போராட்டத்தில் இருந்தார்கள். பண்ணையால் வருமானம் கண்ட குடும்பங்களும் அதே கரையில்தான் இருக்கின்றன. அதையும் எழுத வேண்டும்.

கிராஞ்சிக்குப் பக்கத்து ஊரின் பேர் வலைப்பாடு.

*

சிறகுவலைக்கு வக்காலத்து வாங்குகிறவன் கேட்க வேண்டிய குற்றச்சாட்டுகள். கண் சிறிய வலையைக் களத்தில் போட்டால் குஞ்சும் போகும். தடிக்கென்று கண்டல் வெட்டினால் இறாலின் தொட்டிலையே வெட்டுகிறோம். இரவில் வருகிற வள்ளத்துக்குத் தடி இடைஞ்சல். வாயை அடைத்துக் கட்டினால் மேலே இருக்கிறவனுக்கு மீன் இல்லை.

பழைய முறைக்கு இவற்றில் சிலவற்றுக்குப் பதில் இருந்தது: இவ்வளவு இடைவெளி, இந்த மாதம் இல்லை, வாயின் நடுவில் வழி விடு. முறை அறுந்தபோது இந்தக் கட்டுப்பாடுதான் முதலில் போனது. தடியும் வலையும் திரும்பி வந்துவிட்டன, கட்டுப்பாடு வரவில்லை. தங்கூசி வலைக்குத் தடை என்று சட்டம் சொல்கிறது. சட்டம் கரைக்கு எப்போதாவது ஜீப்பில் வருகிறது. முறை என்றால் பக்கத்து வலைக்காரன் தினமும் பார்த்துக்கொண்டிருப்பான்.

*

அறைக்கு வேண்டியவை (திருத்தலாம்):

சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்பேடு, எஞ்சியிருந்தால். இல்லாவிட்டால் வயதானவர்களை உட்கார வைத்து, யார் எந்த இடத்தில் ஊன்றினார்கள் என்று பரவைக்கடல் வரைபடத்தில் குறிக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே இடத்தைக் கேட்டால் இரண்டு பேரையும் எழுத வேண்டும்.

கரப்பு, பறி, இறால் கூடு, அத்தாங்கு. பார்க்க மட்டும் அல்ல. பின்னத் தெரிந்த ஒருவர் அங்கேயே இருந்து பின்ன வேண்டும்; பழசு உக்கினால் புதிதை மாட்டலாம்.

வருடம் ஒரு முறை, அறைக்கு முன்னால் தண்ணீரில் ஒரு சிறகுவலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தடி பிடிக்க, தெரிந்தவர் இடம் சொல்ல. பிள்ளைகளில் பெண்பிள்ளைகளும்.

காற்றுக் கணக்கு: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். நிலவுக் கணக்கு: அமாவாசை, பறுவம், இடையில் வத்தும் பெருக்கும். இதைச் சுவரில் எழுதலாம், ஆனால் சொல்லக் கேட்டுப் பதிவு செய்தால் குரலில் இருக்கும்.

ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களுக்கு எழுதிய கைந்நூலின் ஒரு பிரதி. ஆள்கிறவன் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று பார்க்க.

இடம்பெயர்ந்த வருடங்களின் ஒரு சுவர். படம் குறைவாக, ஊர்ப்பேர் கூடுதலாக.

ஜிபெய், நம்ஹே, புரூவறினா, பழவேற்காடு, நீர்கொழும்பு: ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. நாங்கள் தனி ஆட்கள் இல்லை என்று காட்ட.

பார்க்க வருகிறவருக்குச் சீட்டு உண்டு. பணம் கொடுத்து எடுக்கிற சீட்டு இல்லை, குலுக்கி எடுக்கிற சீட்டு. அதில் ஓர் இடமும் ஒரு இரவும் எழுதியிருக்கும். சிலதில் ஒன்றுமே எழுதியிருக்காது. அதை எடுத்தவர் அறையைச் சுற்றிவிட்டு, தன் பேர் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்கட்டும்.

திறப்பு விழா வாடைக்கு முன் வைக்க வேண்டும். வாடை தொடங்கிய பின் வைத்தால் கதிரையில் அமைச்சர் மட்டும்தான் இருப்பார். தொழில் தெரிந்தவர் எல்லோரும் களப்புக்குள் நிற்பார்கள்.